நடுக்கம் நின்ற பிறகு

என் கணவர் உத்தமபாளையத்தில் பத்திரம் எழுதிவந்தவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளின் நடுவில், அவருக்கு ஐம்பது வயது நடக்கும்போது, அவர் எழுத்து சிறுத்துக்கொண்டே போனது. ஒழுங்காகத் தொடங்கும் வரி, முடிவதற்குள் எறும்பு ஊர்ந்ததுபோல் ஆகிவிடும். பிறகு வலது கை நடுங்கத் தொடங்கியது. குடிக்கிறார் என்றது ஊர். கள்ளச்சாராயம் குடித்துத் தினமும் விழுந்து கிடந்தவர்கள்தான் அதை அதிகம் சொன்னார்கள்.

மதுரை டாக்டர் பார்க்கின்சன் நோய் என்றார். மாத்திரையில் நடுக்கம் ஓரளவு அடங்கியது. ஆனால் பழைய மனுஷராக அவர் திரும்பவில்லை. சாப்பாடு வேண்டாம், ரேடியோ வேண்டாம், வாசலுக்கு வருவதுகூட வேண்டாம் என்று சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சின்னமனூரிலிருந்து அவருடைய அண்ணன் வருவார். நலம் விசாரிக்க என்று பெயர்.

"ஏத்தா, கை நடுக்கந்தான் நின்னுபோச்சுல்ல? இன்னும் எதுக்கு மூஞ்சிய உம்முனு வச்சிருக்கான்?"

"அவுக வேணும்னு வைக்கல அத்தான். முகம் அசையாதாம், அதுவும் நோய்தானாம். டாக்டரு சொன்னாக."

"டாக்டரு ஆயிரம் சொல்லுவாக. ஆம்பளைக்குத் திடம் வேணும். இவன் சின்னதுலருந்தே கோழை."

தம்பியை எதிரில் வைத்துக்கொண்டு, என் வீட்டுக் கறிக்குழம்பை மூன்றாம் முறையாக ஊற்றிக்கொண்டே சொன்னார். இந்த அண்ணனுடைய திடம் எனக்குத் தெரியாதா? ஊசி போடும்போது கண்ணை இறுக மூடி மனைவியின் கையைப் பிடித்துக்கொள்கிற வீரர்.

நானும் யோக்கியம் இல்லை. "கொஞ்சம் சிரிச்சாத்தான் என்னங்க?" என்று நானே எரிந்து விழுந்திருக்கிறேன். அந்த வாயை நினைத்தால் இன்றும் அருவருப்பாக இருக்கிறது.

ஒரு புதன்கிழமை, தன் பேனாக்களை எல்லாம் உடன் வேலை பார்த்தவருக்குக் கொடுத்தனுப்பினார். வீட்டுப் பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று என்னிடம் சொன்னார். பிறகு, "ஒனக்கு ரொம்பக் கஷ்டம் குடுத்துட்டேன்" என்றார். உலையை இறக்கிவைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"என்னங்க, செத்துப்போகணும்னு நெனைக்கிறீகளா?"

காதை வைத்துக் கேட்க வேண்டிய குரலில், "ஆமா. ரெண்டு மாசமா" என்றார்.

"நாளைக்கே மதுரைக்குப் போறோம். அதுவரைக்கும் ஒங்களத் தனியா விடமாட்டேன்" என்றேன்.

பக்கத்து வீட்டு ராவுத்தர் அம்மாவைக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னேன். அந்த மனுஷி எந்த உபதேசமும் செய்யவில்லை. "நீ போயி துணிமணிய எடுத்து வையி ஆத்தா, ஒன் வீட்டுக்காரருகூட நான் இங்கன இருக்கேன்" என்று உட்கார்ந்துவிட்டார். கத்திரிக்காய் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் மதுரையில் டாக்டர் சொன்னார்: "நடுக்கம் மட்டும் நோயில்லம்மா. இந்த மனச்சோர்வும் அதே மூளையிலருந்துதான் வருது. அவரா இழுத்து வச்சுக்கிட்டது இல்ல." அதற்குத் தனியாக மாத்திரை கொடுத்தார், மாதம் தவறாமல் வரச் சொன்னார். இரண்டு மாதம் கழித்து ஒருநாள், "குழம்புல உப்புக் கம்மி" என்றார் என் கணவர். ஒரு வருஷத்தில் அவர் சொன்ன முதல் குறை. அடுப்படிக்குள் போய் அழுதேன்.

சின்னமனூர் அண்ணனுக்கு விஷயம் எட்டியிருந்தது. வந்து சாப்பிட்டுக்கொண்டே, "சாகப்போறவன் சொல்லிட்டா சாவான்? எல்லாம் நடிப்பு" என்றார்.

"அத்தான், கையக் கழுவிட்டுக் கெளம்புங்க" என்றேன். பாதிச் சோற்றில் எழுந்து போனார். இரண்டு வருஷம் எங்கள் தெருப்பக்கம் வரவில்லை. அதனால் மிச்சமானது கறிதான்.

பிறகு ஒன்பது வருஷம் இருந்தார் என் கணவர். கால் தளர்ந்தது, குரல் தேய்ந்தது. இருண்ட மாதங்களும் திரும்பத் திரும்ப வந்தன. ஒவ்வொரு முறையும் நேராகக் கேட்டேன். அவரும் மறைக்காமல் சொன்னார். உடனே மதுரைக்கு பஸ் ஏறினோம். கடைசியில் சளிக்காய்ச்சலில், என் மடியில் தலைவைத்துத்தான் போனார்.