எண்ணாத பால்

ஓட்டமாவடியில் ஒரு வீட்டின் உள்வாசலில், நைலோன் கயிற்றில் தொங்கிய ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு. அதன் ஓரத்தில் நீல நூலால் தைத்த ஒட்டு ஒன்று இருந்தது. பத்தொன்பது நாட்கள் நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்த ஒட்டைத்தான். இந்தப் பக்கம் பிளாஸ்டிக் கதிரையில் நான். அந்தப் பக்கம் பாயில் என் உம்மா. "ஆரு, சின்னவனா?" என்று கேட்பாள். "ஓம் உம்மா" என்பேன். அறுபது தாண்டிய என்னைச் சின்னவன் என்று கூப்பிட உலகத்தில் மிச்சமிருந்தது அந்த ஒரு வாய்தான். அந்த முகத்தை நான் பார்க்கக்கூடாதாம்.

அவள் என்னைப் பெற்றவள் அல்ல. பெற்ற அம்மா, நான் பிறந்த நான்காம் நாள் வாழைச்சேனையில் காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்தாள். அப்பாவும் உம்மாவின் கணவரும் காகித ஆலையில் ஒன்றாக வேலை செய்தவர்கள், அடுத்தடுத்த வீட்டுக்காரர். நான் பசியில் கத்தித் தொண்டை அடைத்தபோது உம்மா வேலியைத் தாண்டி வந்து தூக்கினாளாம். அவளுடைய மகனுக்கு அப்போது மூன்று மாதம். ஒரு பக்கம் அவன், மறுபக்கம் நான், மூன்று நாள். "அவன் குடிச்சிட்டு ஒழுங்கா உறங்கிருவான், நீதான் விடமாட்டாய்" என்று பிறகு என்னைக் கேலி செய்வாள். அவர்களுடைய மார்க்கத்தில் பால் கொடுத்தவள் தாய். அவள் பிள்ளைகள் உடன்பிறப்புகள். சாச்சாவின், அதாவது சொந்தச் சித்தப்பாவின் மகன் வந்தாலும் முக்காட்டை இழுத்து விடுகிறவள், மீசை முளைத்த என் முன்னால் ஒருநாளும் தலையை மூடியதில்லை. மதங்களைத் திட்ட உட்கார்ந்திருக்கும் நான் இதை மறைத்தால் அது கள்ளத்தனம், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கத்தில் அந்தப் பாலுக்கு ஓர் உறவுப் பெயரும் இல்லை, வெட்கம் மட்டும் இருந்தது. அம்மாவின் அண்ணன், என் மாமா, அம்மன் கோயிலின் வண்ணக்கர். கோயில் நிர்வாகம் அவர் கையில். ஒரு வருடம் கோயில் சடங்குத் திருவிழாவில் யாரோ இந்தக் கதையை எடுக்க, மாமா அம்மனுக்கு முன்னால் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தார். "என்ட மருமகனுக்கு அண்டைக்கு மாட்டுப்பால்தான் பருக்கின. வேற ஒண்டும் நடக்கேல்ல." பதினேழு வயதில் நான் பக்கத்தில்தான் நின்றேன். மூன்று நாள் என்னை உயிரோடு வைத்திருந்தவளை ஒரு கற்பூரத் துண்டில் அணைத்துவிட்டு எல்லோரும் திருநீறு பூசிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அதற்குப் பிறகு நான் எந்தக் கோயில் வாசலையும் மிதிக்கவில்லை. கல்யாணம்கூடப் பதிவுக் கந்தோரில்தான்.

பிறகு வந்த கெட்ட வருடங்களில் தமிழர் ஊர் வாழைச்சேனை, முஸ்லிம் ஊர் ஓட்டமாவடி, இரண்டிலும் கடைகள் எரிந்தன, வேலைக்குப் போனவர்கள் திரும்பி வரவில்லை. உம்மா வீட்டார் ஓட்டமாவடிக்கு மாறினார்கள். நான் ஆஸ்பத்திரியில் தாதியாக, அதாவது நர்சாக இருந்தேன். வார்டில் இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரே தமிழில்தான் "அம்மா", "உம்மா" என்று அழுதார்கள். வெளியே வந்தால் சாமியின் பேராலும் அல்லாஹ்வின் பேராலும் ஆளை ஆள் வெட்டக் காரணம் தயாராக இருந்தது. சண்டை நிலத்துக்காக, கதிரைக்காக என்று படித்தவர்கள் விளக்குவார்கள். இருக்கட்டும். நிலத்துக்காக அடிபடுகிறவன் ஒருநாள் களைத்துப்போவான். கடவுளுக்காக அடிபடுகிறேன் என்று நினைப்பவனுக்குக் களைப்பே வருவதில்லை, அதை நான் காயங்களில் பார்த்திருக்கிறேன்.

சண்டை ஓய்ந்த பிறகு மாதத்தில் இரண்டு ஞாயிறு அங்கே சாப்பாடு. மூன்று மாதம் மூத்த உம்மாவின் மகனை அண்ணன் முறையில் நான் காக்கா என்பேன், அவன் என்னை "டேய்" என்பான். "மதம் இல்லாட்டி மனிசன் மிருகம்டா" என்பான் அவன். "மிருகம் தண்ணி குடிக்க வந்த மற்ற மிருகத்திட்ட நீ எந்தப் பள்ளி, எந்தக் கோயில் எண்டு கேக்கிறேல்ல" என்பேன் நான். உம்மா சோற்றுக் கரண்டியோடு வருவாள். "ரெண்டு பேரும் வாயை மூடிட்டுத் தின்னுங்க. டேய் சின்னவன், உனக்குப் பால் தந்தது அல்லாஹ்வுக்காகத்தான், உன்ட மூஞ்சிக்கில்ல."

போன வருடம் உம்மாவின் கணவர் மௌத்தானார். கணவனை இழந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண் முகம் பாராமல் வீட்டுக்குள் இருக்க வேண்டும், இத்தா என்பார்கள். நான் போனபோது விரிப்புக் கட்டியாகிவிட்டது. காக்கா வாசலில் நின்றான். வெளிநாட்டில் பதினைந்து வருடம் இருந்து, தாடியோடு கண்டிப்பையும் வளர்த்துக்கொண்டு வந்தவன். "நீங்க இதில இருங்க" என்றான். அறுபது வருடத்தில் அவன் என்னை "நீங்க" என்றது அதுதான் முதல் தடவை. கன்னத்தில் அறைந்திருந்தாலும் அப்படி வலித்திருக்காது.

உள்ளேயிருந்து உம்மா கத்தினாள். "நான் பால் குடுத்த புள்ளடா அவன்!" காக்கா பள்ளிவாசல் மௌலவியிடம் தொலைபேசியில் கேட்டான். சட்டம் வந்தது: குறைந்தது ஐந்து தடவை வயிறு நிறையக் குடித்திருக்க வேண்டும், அதற்குச் சாட்சி வேண்டும். "உங்கட மாமா மாட்டுப்பால் எண்டு சத்தியம் பண்ணினது ஊருக்கே தெரியும். சந்தேகமெண்டா விலகித்தான் நிக்கணும்" என்றான். எத்தனை தடவை என்று தாயிடமே கேட்டான். "ஆருடா எண்ணி எண்ணிப் பால் குடுக்கிற?" என்றாள். பொய்யாக ஒரு கணக்குச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

சைக்கிளை எடுத்துக்கொண்டு மாமாவிடம் போனேன். எண்பத்தைந்து தாண்டியவர், சாய்மனைக் கதிரையில் கிடந்தார். அம்மாவும் அப்பாவும் போய்விட்டார்கள். கண்ணால் கண்டவர் இவர் ஒருவர்தான். "ஒரு வார்த்தை உண்மை சொல்லுங்க மாமா." அவர் கண்ணைக் கூரைக்குத் திருப்பினார். "அம்மாளுக்கு முன்னால சொன்ன சொல்லு. இந்த வயசில என்னைப் பொய்யனாக்காத தம்பி" என்றார். பொய்யைக் காப்பாற்றச் சத்தியம், சத்தியத்தைக் காப்பாற்ற அம்மன். அந்தக் கதிரையை அப்படியே கவிழ்த்திருப்பேன், வயதுக்காக விட்டேன்.

ஆகவே கதிரையும் விரிப்பும். ஒவ்வொரு நாளும் போனேன். நான் முப்பது வருடம் வார்டில் நின்றவன். அவள் பேச்சு நடுவில் அறுபடுவது கேட்டது. "படுத்தா மூச்சு முட்டுது மனே, இருந்த இருப்பில கண்ணயர்றன்." கால் வீங்கியிருக்கிறதா என்று கேட்டேன். "வயசுபோன கால், அப்பிடித்தான்." ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன், கெஞ்சினேன், ஏசினேன். "இத்தா முடியட்டும்" என்றாள். விரிப்பை விலக்க ஒரு விரல் போதும். நானும் விலக்கவில்லை, அவளும் விலக்கவில்லை. காக்காவைவிட அவள் மேல்தான் எனக்கு அன்று கோபம்.

பத்தொன்பதாம் நாள் காலையில் உம்மா மௌத்தாகிவிட்டாள். மௌலவி நேரில் வந்தார், மென்மையான மனிதர். எல்லாம் கேட்டுவிட்டுத் தன் தலையில் கை வைத்தார். "தாய்ட சொல்லே போதுமே! வருத்தமெண்டா ஆஸ்பத்திரிக்குப் போகவும் மார்க்கத்தில தடையில்லையே! என்னட்ட ஏன் செல்லல்ல?" காக்கா சட்டத்தை மட்டும்தான் கேட்டிருந்தான், தாய் உள்ளேயிருந்து கத்தியதைச் சொல்லவில்லை. அவன் விரிப்பைத் தூக்கிப் பிடித்தான். "வாடா தம்பி" என்றான்.

உயிரோடிருந்தபோது நான் அந்நியன், உயிர்போன மையத்துக்கு மகன். கண்ணுக்குக் கீழே முகம் ஊதியிருந்தது. காலைத் தொட்டேன், கட்டைவிரலால் அமுக்கினேன். குழி விழுந்து அப்படியே நின்றது, இதயம் தளர்ந்து நீர் கோர்த்த கால். அந்த ஒரு குழியைப் பார்த்திருந்தால் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடியிருப்பேன், எந்த இத்தா என்னைத் தடுத்திருக்கும்?

போன ஞாயிறு அங்கே போனேன். காக்கா இப்போது "நீங்க" சொல்வதில்லை. உள்வாசலில் கயிறு இல்லை. நீல ஒட்டுப் போட்ட அந்த விரிப்பு அறையில் கட்டில்மேல் கிடந்தது; அவனுடைய பேரப்பிள்ளைகள் அதில் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். வெறும் படுக்கை விரிப்பு. சாப்பிடும்போது அவன் தலை நிமிராமல் கேட்டான், பழைய சண்டையைத் தொடங்குகிறவன்போல: "மார்க்கமே இல்லாட்டி உலகம் நல்லா இருந்திருக்கும் எண்டா செல்றாய்?"

"உலகத்தை விடு காக்கா," என்றேன். "உம்மாட காலை நான் பாத்திருப்பன்."