பெயர் சொல்லாத அக்கா

“மஞ்சப் புடவை, நீங்க போங்கம்மா. கட்டம் போட்ட சட்டை, அடுத்தது நீங்க.”

கட்டம் போட்ட சட்டை நான்தான். மாதாமாதம் தூக்க மாத்திரைக்கு வருகிறேன்; வீட்டில் பிரஷர் பார்க்கப் போவதாகச் சொல்லி வைத்திருக்கிறேன். இந்த மனநல கிளினிக்கின் வரவேற்பு மேசையில் இருக்கும் அக்கா யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். வாசல் பலகையிலேயே ‘நரம்பு சிகிச்சை’ என்றுதான் எழுதியிருக்கிறது.

டாக்டர் வந்த புதிதில், பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்றாராம். ஒரே வாரத்தில் கூட்டம் காணாமல் போனது. சரி, நம்பராவது கொடுங்கள் என்றிருக்கிறார். “நம்பர் போட்டா ஜெயிலு மாதிரி இருக்கும் டாக்டர். ஏற்கெனவே நொந்து நூலாகி வராங்க” என்று மறுத்துவிட்டார் அக்கா. அன்றிலிருந்து சட்டையும் புடவையும்தான். ஒருநாள் நீலச் சட்டையில் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். “தொப்பை இல்லாத நீலச் சட்டை” என்றார். இருவருமே எழுந்தார்கள்.

முதல்முறை வருகிறவர்கள் முக்காடு போடாத குறையாக நுழைவார்கள். யாராவது பார்த்துவிட்டால் மகளுக்கு வரன் அமையாது என்று ஓர் அம்மா அழுதார். “காய்ச்சல் வந்தா மறைப்பீங்களா? உடம்புக்கு வர்ற மாதிரி மனசுக்கும் வருது. இதுல என்னம்மா வெட்கம்?” என்று தண்ணீர் கொடுத்தார் அக்கா.

ஊருக்குத்தான் உபதேசம். அக்கா எங்கள் வீட்டுக்கு நேர் மேல்மாடியில் குடியிருக்கிறார். அவருடைய அண்ணனுக்குக் கப்பலில் வேலை என்று கேட்பவர்களிடம் சொல்வார். அந்தக் கப்பல் எங்கள் தலைக்கு மேல்தான் நடமாடிக்கொண்டிருக்கிறது, சுவரோடு சண்டை போட்டுக்கொண்டு. கிளினிக்குக்குக் கூட்டிவரலாமே என்று ஒருமுறை ஜாடையாகச் சொன்னேன். “அவருக்கென்ன சார், நல்லாத்தான் இருக்காரு. யாரோ கண்ணு பட்டிருக்கு” என்று கதவைச் சாத்திக்கொண்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது!

இன்று காலை மாடிப்படியில் அவரே என்னை நிறுத்தினார். கண்கள் வீங்கியிருந்தன. “சோத்துல நான் ஏதோ கலந்துட்டேங்குறாரு சார். என் கையால ஒரு வாய் வாங்க மாட்டேங்குறாரு. இப்படியே விட்டா போயிடுவாரு.” வெள்ளைச் சட்டைக்குள் எலும்பும் தோலுமாக இருந்த அண்ணனை ஒருவழியாகக் கிளினிக்குக்கு அழைத்து வந்து கடைசி நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்.

ஹால் நிறைந்திருந்தது. ஊர்க்கதை பேசுவதில் கெட்டிக்காரியான ஓர் அம்மா அந்த அண்ணனையே பார்த்துவிட்டு அக்காவிடம் திரும்பினார்.

“உங்களுக்கு உறவா? ஜாடை அப்படியே இருக்கே.”

“இல்லைங்க. பேஷன்ட்தான்.”

சொல்லிவிட்டு அக்கா என்னைப் பார்த்தார். நான் பத்திரிகைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். வெட்கமாக இருந்தது, அவருக்காகவா எனக்காகவா என்று தெரியவில்லை. டாக்டரின் மணி அடித்தது.

“வெள்ளைச் சட்டை, நீங்க போங்க” என்றார் அக்கா.

வீட்டில் தங்கையைப் ‘பாப்பா, பாப்பா’ என்று நாள் முழுக்கக் கூப்பிடுகிறவர் அந்த அண்ணன். அவர் குரல் எனக்குக் கூரை வழியாகப் பழக்கம். அவர் மெல்ல எழுந்து மேசையருகே வந்தார்.

“சரிங்க மேடம்” என்றார்.

அவருடைய சட்டையில் பொத்தான்கள் இடம் மாறியிருந்தன. அக்காவின் கை தானாக அதன் பக்கம் நீண்டது. அந்த அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். நீண்ட கை பாதியில் நின்று, டாக்டரின் அறைக் கதவைக் காட்டியது.