கேக்குக்கு அடியில் ஒரு தந்தி

சாக்லேட் கேக் முதன்முதலில் பிறந்தபோது அதற்குள் சாக்லேட்டே கிடையாதாம். நான் சொல்லவில்லை, கைப்பேசி சொல்கிறது. அமெரிக்காவில் சாதாரண மஞ்சள் கேக் ஒன்றைச் சுட்டு, பக்கத்தில் குடிக்கிற சாக்லேட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டிருக்கிறார்கள். அதனால் அதற்கு அந்தப் பேர். பிறகு யாரோ சாக்லேட்டை அடுக்குகளுக்கு நடுவே பூசியிருக்கிறார்கள். அதற்கும் வெகுகாலம் கழித்துத்தான் மாவிலேயே கலந்தால் என்ன என்று ஒரு புண்ணியவானுக்குத் தோன்றியிருக்கிறது. போன மாதம் என் ஐம்பத்திரண்டாவது பிறந்தநாள். மகள் வெளியூரில், மனைவி மகளுக்குத் துணையாக. ராயபுரத்தில் எங்கள் தெருமுனைக் கடையில் மூன்றடுக்கு சாக்லேட் கேக்கில் ஒரே ஒரு துண்டு வாங்கிவந்து, தின்றுகொண்டே இதையெல்லாம் படித்தேன். கடையில் இருந்தவர் மெழுகுவத்தி வேண்டுமா என்று கேட்டிருந்தார். ஒரு துண்டுக்கு எத்தனை வைப்பீர்கள் என்று கேட்டேன். அவர் யோசிக்க ஆரம்பித்ததைப் பார்த்து நானே வேண்டாமென்று வந்துவிட்டேன்.

இந்தப் பிறப்புக் கதை என் அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவர் சொன்ன மற்ற கதைகளோடு இதையும் பொய் என்று நினைத்திருப்பேன்.

அப்பா சரக்குக் கப்பலில் சமையல்காரர். கப்பலில் அந்த வேலைக்குப் பண்டாரி என்று பேர். வருஷத்தில் பத்து மாதம் கடலில் இருப்பார், மிச்சம் இரண்டு மாதம் எங்களோடு. அம்மா திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். மின்சார ரயிலில் திரும்பிவர ஆறரை ஆகும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவி வாங்கிப் பூட்டைத் திறந்து, யாருமில்லாத வீட்டைப் பார்த்து "வந்துட்டேன்" என்று சத்தமாகச் சொல்வேன். பதில் வராது என்று தெரியும். வந்திருந்தால் அங்கேயே செத்திருப்பேன்.

அப்பா ஊரில் இருக்கும் மாதங்களில் மட்டும் கதவு திறந்திருக்கும். உள்ளே வெங்காயம் வதங்கும் வாசனை வரும். "வந்துட்டேன்" என்பேன். "வந்தா வா, அதுக்கு இன்னா இப்ப, மேளம் வெக்கணுமா?" என்று உள்ளேயிருந்து குரல் வரும். உலகத்திலேயே எனக்குப் பிடித்த வசை அதுதான்.

எனக்குப் பத்து வயது முடிகிற அந்த வருஷம், பிறந்தநாளுக்குக் கேப்டன் கேக் செய்துதருவதாக அப்பா சொன்னார். கப்பலில் கேப்டனுக்குப் பிறந்தநாள் வந்தால் செய்கிற மூன்றடுக்கு சாக்லேட் கேக் அது. அதை யார் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டேன். கொக்கோ ஏற்றிய கப்பலும் சர்க்கரை ஏற்றிய கப்பலும் புயலில் மோதிக்கொண்டதில் வந்தது என்றார். மறுநாள் கேட்டபோது, ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி கோபத்தில் மூன்று கேக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வீசியதில் வந்தது என்றார். நான் விடாமல் நச்சரித்த பிறகுதான், அவர் உதவியாளாக இருந்த காலத்தில் கோவாக்காரப் பண்டாரி ஒருவர் கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தது என்று உண்மையைச் சொன்னார்.

"ஒனக்குப் பொறந்த நாள் வந்தா யாருப்பா செய்வாங்க?"

"பண்டாரிக்கு ஏதுடா பொறந்த நாளு? அவன் பொறந்ததே அடுப்பாண்டதான்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்த நகைச்சுவையைப் பள்ளிக்கூடத்திலும் போய்ச் சொன்னேன், யாரும் சிரிக்கவில்லை.

பிறந்தநாள் சனிக்கிழமை. அந்த வாரம் செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்குத் தந்திக்காரர் வந்தார். அப்பா மீன் வாங்கக் காசிமேட்டுக்குப் போயிருந்தார். தந்திக்காரர் என்னையே கையெழுத்துப் போடச் சொன்னார். என் வாழ்க்கையின் முதல் கையெழுத்து அது, நடுவில் ஓர் எழுத்து விட்டுப்போனது. எங்கள் வீட்டுக்கு அதற்குமுன் வந்த தந்திகள் எல்லாமே பம்பாயிலிருந்து அப்பாவைக் கப்பலுக்குக் கூப்பிட வந்தவை. தந்தி வந்தால் மறுநாள் டிரங்குப்பெட்டி கீழே இறங்கும், அதற்கு மறுநாள் சாவி அக்காவிடம் போய்விடும். அதனால் இதைப் பிரித்துப் பார்க்கும் அவசியம்கூட எனக்கு இருக்கவில்லை.

ஒளித்துவைக்க நான் தேர்ந்தெடுத்த இடத்தை நினைத்தால் இன்றைக்கும் என் மூளைமீது எனக்கு மரியாதை வருகிறது. கிறிஸ்துமஸுக்கு மட்டுமே பரணிலிருந்து இறங்குகிற மூன்று வட்டக் கேக் தகரங்கள் அன்று என் பிறந்தநாளுக்காக இறங்கி, அடுப்படியில் கவிழ்த்துவைக்கப்பட்டிருந்தன. சனிக்கிழமைவரை யாரும் தொடமாட்டார்கள். தந்தியை நான்காக மடித்து ஒரு தகரத்தின் அடியில் வைத்து, மேலே எண்ணெய்க்காகிதத்தை வட்டமாக வெட்டிப் போட்டு மூடினேன். பிறந்தநாளன்று காலையில் எடுத்துக் கொடுத்துவிட்டால் போயிற்று, இப்போதுதான் வந்தது என்று சொல்லிவிடலாம். திட்டத்தில் ஓட்டையே இல்லை.

அந்நாளில் எங்கள் பக்கத்தில் வீடுகளில் கேக் சுட அடுப்பு கிடையாது. மாவை வீட்டில் கலந்து, தகரத்தில் ஊற்றி, இரண்டு தெரு தள்ளியிருந்த ரொட்டிக்கடைக்குக் கொண்டுபோவோம். அவர்களுடைய பெரிய விறகடுப்பில் ரொட்டி வெந்து முடிந்த சூட்டில் நம் கேக்கை வைத்து எடுத்துத் தருவார்கள். சனிக்கிழமை கல்யாண ஆர்டர் இருக்கிறது, வியாழக்கிழமையே கொண்டுவந்துவிடுங்கள் என்று கடையில் சொல்லிவிட்டதும், கேக் இரண்டு நாள் ஊறினால் நல்லதுதான் என்று அப்பா ஒப்புக்கொண்டதும் எனக்குத் தெரியாது.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். வீடு முழுக்கக் கொக்கோ வாசனை. மேசைமேல் மூன்று தகரங்களிலும் கறுப்பாக, பளபளவென்று மாவு. மாவை முடித்த விதத்தையும் அப்பா சொன்னார்: கொதிக்கக் கொதிக்கக் காப்பி டிகாக்‌ஷனை ஒரு குவளை எடுத்து, கடைசியில் மாவில் ஊற்றிக் கிண்டினாராம். சூடு பட்டால்தான் கொக்கோ வாயைத் திறக்கும் என்றார். என் வாய் ஏற்கெனவே திறந்திருந்தது.

"ஒரு தகரத்துல பேப்பர் போட்டே இருந்திச்சு. ஒங்கம்மா வேலதான். நல்லதாப் போச்சு, மத்த ரெண்டுக்கும் நானே வெட்டிப் போட்டேன்."

மூன்று தகரங்களையும் அலுமினியத் தட்டில் அடுக்கி, மேலே ஈரத் துணி போர்த்தி, பத்திரமாகக் கொண்டுபோ என்று என் கையில் கொடுத்தார். எந்தத் தகரத்தில் தந்தி என்று பார்வைக்குத் தெரியவில்லை. மூன்றும் உடன்பிறந்தவைபோல் இருந்தன. தெருத் திருப்பத்தில் ஒரு மூடிய கடையின் படியில் தட்டை வைத்தேன். முதல் தகரத்தில் விரலை விட்டு அடிவரை துழாவினேன். எதுவும் தட்டுப்படவில்லை. விரலை என்ன செய்வது? நக்கினேன். இரண்டாவதில் துழாவினேன், நக்கினேன். மூன்றாவதில் இன்னும் ஆழமாகப் போகவேண்டியிருந்தது, அதனால் இன்னும் அதிகமாக நக்க வேண்டியிருந்தது. இப்படி இரண்டு சுற்று. கலக்கத்திலும் ஒரு விஷயம் சொல்லவேண்டும்: அதுபோல ஒரு மாவை நான் பிறகு எங்கும் தின்றதில்லை.

கடையில் அடுப்புப் பார்க்கிறவர் நீளமான மரத் துடுப்பில் தகரங்களை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினார். நான் போகாமல் எதிரில் இருந்த மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டேன். காகிதம் தீப்பிடிக்கும், கேக் தீப்பிடிக்கும், கடை தீப்பிடிக்கும், தந்தி ஆபீஸிலிருந்து ஆள் வந்து கையெழுத்தைக் காட்டி இது யார் என்று கேட்பார்கள். கையெழுத்தில் ஓர் எழுத்து குறைவாக இருப்பதால் தப்பிக்க வழி உண்டா என்றுகூட யோசித்தேன்.

"இன்னா நைனா, கேக்குக்குக் காவலா?" என்றார் அடுப்புக்காரர்.

"அண்ணே, கேக்குக்கு அடியில பேப்பர் இருந்தா எரிஞ்சிடுமா?"

"எல்லா கேக்குக்கும் அடியில பேப்பர்தான் கீது. ஒண்ணியும் ஆவாது."

"கவர்மெண்ட் பேப்பரா இருந்தா?"

அவர் துடுப்பை ஊன்றிக்கொண்டு என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். "அப்போ வேவறதுக்கு லேட்டாவும்," என்றார்.

அவர் சொன்னதை அப்படியே நம்பி, அடுப்பின் கதவு திறந்த ஒவ்வொரு முறையும் எந்தத் தகரம் கடைசியாக வேகிறது என்று எட்டிப் பார்த்தேன். மூன்றும் ஒரே நேரத்தில் வெந்துவிட்டன.

வீட்டில் அப்பா தகரங்களைக் கவிழ்த்து மேசைமேல் மூன்று அடுக்குகளையும் எடுத்துவைத்தார். மூன்றாவது கொஞ்சம் ஒல்லியாக, ராயபுரம் பாலத்து இறக்கம்போல் ஒரு பக்கம் சரிந்திருந்தது. அடியில் சதுரமாக ஒரு பள்ளம். "இது வயித்துல இன்னாமோ கீது," என்று சொல்லிக்கொண்டே காகிதத்தை உரித்தார். வெண்ணெய் ஊறிப் பழுப்பேறிய தந்தி அவர் கையோடு வந்தது.

நான் சுவரோரம் நகர்ந்தேன். அவர் அதைப் பிரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். சனிக்கிழமைக்குள் பம்பாய் வந்து கப்பலில் சேரவும் என்பதுதான் அதில் இருந்தது. இது எனக்குப் பின்னால் தெரிந்தது.

"எப்ப வந்திச்சு?"

"செவ்வாக்கெழம."

அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தரை. அன்றைக்கு ராத்திரி பம்பாய் வண்டியைப் பிடித்தால்கூடச் சேர்ந்துவிடலாம். பரணில் இருந்த டிரங்குப்பெட்டியைப் பார்த்தார். மேசைமேல் இருந்த மூன்று அடுக்குகளைப் பார்த்தார். அடி விழும் என்று நான் கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவர் தந்தியை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வெண்ணெய்யும் சர்க்கரையும் கொக்கோவும் போட்டு அடித்துவைத்திருந்த கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

"கரண்டிய எட்தாடா," என்றார்.

சரிந்த அடுக்கின் பள்ளத்தை வெண்ணெய்ப்பூச்சால் நிரப்பிச் சமன் செய்தார். அம்மா வந்தபோது கேக் முழுசாக நின்றது.

சனிக்கிழமை அதை வெட்டினோம். இருபத்தைந்து மாலுமிகளுக்கான கணக்கில் செய்த கேக். சாப்பிட அப்பா, அம்மா, பக்கத்து வீட்டு அக்கா, நான். கத்தி இறங்கும்போது கறுப்பு, பழுப்பு, கறுப்பு, பழுப்பு என்று வரிவரியாகத் தெரிந்தது. வாயில் முதலில் இனிப்பு வரும், அது அடங்கினபின் காப்பியின் கசப்பு மெல்ல எழும். கடைசித் துண்டைத் தின்றுமுடிக்கச் செவ்வாய்க்கிழமை ஆனது. அதுவரையும், அதற்குப் பின்னும், வீட்டுக்கதவு திறந்தே இருந்தது. வென்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் அப்பாவுக்குக் கப்பலே வரவில்லை. கூப்பிட்டபோது போகாதவர் பேர் கப்பல் கம்பெனிப் பட்டியலில் அடிக்குப் போய்விடும் என்பதெல்லாம் எனக்கு யார் சொல்லப் போகிறார்கள்? துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கேன்டீனில் சோறு வடித்தார். வாரத்தில் பாதி நாள் அதுவும் இல்லை. அம்மா ஒருநாள் சாதம் போட்டுக்கொண்டே கேட்டாள்: "நெசமாவே தந்தியே வர்லியா?"

"வர்லியே," என்றார் அப்பா, என்னைப் பார்க்காமல்.

எனக்கு ரசம் புரையேறியது. நாங்கள் இருவரும் கூட்டாளிகள் ஆகிவிட்டதாக எனக்குப் பெருமை. அம்மா மட்டும் அதன்பிறகு கொஞ்ச நாள் பாத்திரங்களைக் கழுவும்போது அதிகமாகச் சத்தம் போட்டாள்.

வேலையில்லாத சாயங்காலங்களில் அப்பா காசிமேட்டில் கடலோரம் அலைத் தடுப்புக்குக் கொட்டியிருக்கும் கருங்கற்கள்மேல் உட்கார்ந்திருப்பார். துறைமுகத்துக்குள் நுழையக் காத்து நிற்கிற கப்பல்களை, இது உரக் கப்பல், இது நிலக்கரி, இதில் சமையலறை பின்பக்கம் என்று எனக்குக் காட்டுவார். கப்பலுக்குப் போகணும்போல் இருக்கிறதா என்று ஒருதடவை கேட்டேன். அங்கே நாலு பேர் சேர்ந்து சாப்பிடுகிற நேரமே கிடையாது, ஆளுக்கொரு நேரம் வந்து தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவான்கள் என்றார். நான் கேட்டதற்கு இது பதில் இல்லையே என்று நினைத்தேன்.

பதினோரு மாதம் கழித்து அடுத்த தந்தி வந்தது. இந்தத் தடவை எனக்கு ஆங்கிலம் கொஞ்சம் படிக்க வந்திருந்தது. பட்டியலின் அடியில் இருந்து அப்பாவின் முறை மேலே வந்திருந்ததும் அம்மா பேசுவதிலிருந்து தெரிந்திருந்தது. வீட்டில் யாருக்கு என்ன வேண்டுமென்று புரிந்துகொண்ட பெரிய மனிதனாக, தந்தியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு காசிமேட்டுக் கற்கள்வரை மூச்சிரைக்க ஓடினேன்.

அப்பா கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். படித்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார், அங்கே ஒன்றுமில்லை.

"இன்னாடா," என்றார், "இந்த வாட்டி ஒளிச்சி வெக்கலியா?"

"இன்னாப்பா நீ, நான் இன்னும் சின்னப் பையனா?"

அப்பா சிரித்தார். அப்பா சிரித்தால் அது வேடிக்கை என்றுதான் எனக்கு அர்த்தம். நான் அவரைவிடச் சத்தமாகச் சிரித்துவிட்டு, அம்மாவிடம் முதலில் சொல்கிற ஆள் நானாக இருக்கவேண்டும் என்று வீட்டைப் பார்த்து ஓடினேன். அவர் அந்தக் கல்லைவிட்டு எழுந்து வர வெகுநேரம் ஆயிற்று.