சுருண்டு உள்ளே போகும் டிவி

முகப்பேர் ஷோரூமில் பேபி பதினோரு மாதமாக ஒரே ஒரு டிவிக்குப் பக்கத்தில்தான் நின்றாள். பொத்தானை அழுத்தினால் பெட்டிக்குள்ளிருந்து திரை எழும். மறுபடி அழுத்தினால் பாய்போலச் சுருண்டு உள்ளே போய்விடும். விலையோ, ஆவடிப் பக்கம் ஒரு மனையே வாங்கிவிடலாம்! பூஜை வாரத்தில் ஒன்றாவது விற்காவிட்டால் டிவியைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகக் கம்பெனி சொல்லிவிட்டது. டிவி போனால் பேபியின் வேலையும் போகும். கணவன் இல்லாத வீட்டில் வரும் ஒரே சம்பளம் அது.

கூட்டம் வரும், செல்ஃபி எடுக்கும், போகும்.

"இத இன்னாத்துக்குமா சுருட்டணும்? எங்க ஊட்ல கரண்ட் போனாத்தான் டிவியே நிக்கும்," என்றார் ஒருவர்.

பருத்திப்பட்டில் பேபியின் வீட்டிலும் அப்படித்தான்.

ஆயுத பூஜையன்று பில் மெஷின் முதல் லிஃப்ட் வரை சந்தனம், குங்குமம் வைத்தார்கள். மற்ற டிவிகளுக்குச் சட்டத்தில் வைத்தார்கள். பேபியின் டிவிக்குச் சட்டமே கிடையாது. அவள் திரையிலேயே மூன்று பொட்டு வைத்து, "நீதான் என்னைக் காப்பாத்தணும்" என்று கண்ணீரோடு கும்பிட்டாள். ஈரம் காய்வதற்குள் பொத்தானை அழுத்தி உள்ளே அனுப்பினாள்.

மறுநாள் காலை கோதண்டம் என்ற பெரியவர் மனைவியோடு வந்தார். விலையைக் கேட்டும் முகம் மாறவில்லை. "போட்டுக் காட்டும்மா!" என்றார்.

திரை ஒரு சாண் எழுந்தது. கறகறவென்று சத்தம். அப்படியே நின்றுவிட்டது.

"இன்னாம்மா பண்ணி வெச்சிகீற?" என்று ஓடிவந்தார் மேனேஜர் ஞானசேகரன்.

"பூஜைன்னு பொட்டு வெச்சேன் சார்..."

"பொட்டு வெச்சி உள்ள சுருட்டிட்டியா? நல்லாகீது!"

பேபி பெரியவரைப் பார்த்துக் கைகூப்பினாள். "ஐயா, அரை மணி நேரம் உக்காருங்க. மெக்கானிக் வந்துடுவாரு. என் பொழப்பே இதுலதான் கீது."

பெரியவரின் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அழாத கண்ணு. நாங்க இத வாங்க வரல. வீடியோல பாத்ததுலேர்ந்து நேர்ல பாக்கணும்னு இவருக்கு ஆசை. மிக்ஸி ஜாருக்கு ரப்பர் வாங்கத்தான் வந்தோம்."

தன் தவறால் வியாபாரம் கெட்டது என்று அழவாவது பேபிக்கு ஒரு காரணம் இருந்தது. அதுவும் போய்விட்டது. டிவி ஒழுங்காக ஓடியிருந்தாலும் அதை யாரும் வாங்கியிருக்கப் போவதில்லை.

வாரக் கடைசியில் வேன் வந்து டிவியை ஏற்றிக்கொண்டு போனது. அந்த இடத்தில் கிரைண்டர்களை அடுக்கினார்கள். பேபி அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வாசலுக்கு வருவதற்குள் அந்தக் கிரைண்டர்களில் இரண்டு விற்றுவிட்டன.