பின்னால் நின்று சொல்ல ஓர் ஆள்

மத்தியானத்திலிருந்து சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே இருக்கிறேன், விரலில் கருகிய பிளாஸ்டிக் வாசனை போக மாட்டேன் என்கிறது. காரின் பின் லைட்டில் பல்ப் செருகுகிற ஹோல்டர் உருகிக் கிடந்தது. அதைக் கழற்றப்போன இடத்தில்தான், என் மனைவி மல்லிகாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்கிற விஷயம் எனக்குத் தெரியவந்தது. ஒரே வீட்டில் காலையும் மாலையும் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறவன் நான். எனக்கு ஒரு பல்ப் ஹோல்டர் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது. கிழிஞ்சது போங்க.

இந்த வாசனை எனக்குப் புதுசில்லை. அரியலூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு எடை போடுகிற மேடையில் உட்கார்ந்திருந்தேன். என் சன்னலுக்கு வெளியே நாள் பூராவும் லாரிகளின் பின்பக்கம்தான். டிரைவர் முகம் மறந்துபோகும், பின்பக்கம் மறக்காது. வெள்ளைத் தூசி அப்பி, பாதி லாரிகளுக்கு லைட் இருக்கிற இடமே தெரியாது. சிலதில் ஒயர் தீய்ந்து இதே நாற்றம் அடிக்கும். எடுத்துச் சொன்னால், "முன்னாடி எரியுதுல்ல சார், நாம என்ன பின்னாடியா போறோம்" என்று சிரித்துக்கொண்டே எடைச் சீட்டை வாங்கிப் போவார்கள்.

அப்படி ரோட்டோரம் இருட்டாக நின்ற ஒரு லாரியில்தான், என்னோடு வேலை பார்த்த செல்வராசு மொபெட்டோடு போய் முட்டினான். உயிர் பிழைத்தான், ஒரு கால் போயிற்று. கம்பு ஊன்றிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தபோது கூட, "லாரி நின்னதே தெரியலடா" என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான். அதற்குப் பிறகு பின் லைட் விஷயத்தில் எனக்கு ஒரு கிறுக்கே பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணமான கொஞ்ச நாளில், யாரோ ஓட்டித் தேய்த்த சின்னக் கார் ஒன்றை வாங்கினோம். இன்றைக்கும் அதே கார்தான். விலைக்குக் கேட்டு வந்தவர்கள் எல்லாரும் டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். வீடு பெரம்பலூரில், வேலை ரெண்டு பேருக்கும் அரியலூரில். மல்லிகா ஒரு ஆஸ்பத்திரி லேபில் இருந்தாள். தினமும் கிளம்புவதற்கு முன்னால் நான் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிப்பேன், அவள் சாப்பாட்டுப் பையோடு வண்டிக்குப் பின்னால் போய் நிற்பாள். வண்டியை ஓட்டுகிறவனால் தன் பின் லைட்டைப் பார்க்க முடியாது பாருங்கள், அதற்கு இன்னொரு ஆள் வேண்டும்.

"எரியுதா?" என்பேன்.

"எரியுது. ஆனா இடது பக்கம் கொஞ்சம் வெளுப்பா இருக்கு."

மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, ரத்தத்துக்குள் மலேரியாவைத் தேடுகிறவள். சிவப்பில் எத்தனை வகை உண்டோ அத்தனையும் அவளுக்குத் தெரியும். எனக்குச் சிவப்பு என்றால் சிவப்பு, அதனாலேயே சேலைக்கடைக்கு என்னைக் கூட்டிப்போக மாட்டாள். "எரியுதா இல்லையான்னு மட்டும் சொல்லு தாயே, நேரமாச்சு" என்று எரிந்து விழுவேன். அவள் அசைய மாட்டாள். "எறங்கி வந்து பாருங்க" என்பாள். மூடியைக் கழற்றினால் ஒரு மூலையில் விரிசல் விட்டு, உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கும். வழியெல்லாம் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓட்டுவேன், அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரிப்பாள்.

போன வாரம் வேப்பந்தட்டையில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டுத் திரும்புகையில் டீக்கடையில் நிறுத்தினோம். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர், "சார், பிரேக் போட்டா இடது பக்கம் எரியல, பாத்துக்கங்க" என்றார். மறுநாளே மூடியைக் கழற்றினேன். ஹோல்டருக்குள் பச்சைப் பசேலென்று களிம்பு. உப்புத்தாளால் தேய்த்து, பல்பை அழுத்தித் திருகிவிட்டு, உள்ளே போய் மிதித்தேன்.

"எரியுதா?"

"எரியுது."

அவ்வளவுதான். வெளுப்பு, கறுப்பு ஒன்றும் சொல்லவில்லை. ரிடையர் ஆனதும் ஆளே சாதுவாகிவிட்டாளே என்று மனசுக்குள் சந்தோஷப்பட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க.

நேற்று கடைத்தெருவில் எனக்குப் பின்னால் பைக்கில் வந்த பக்கத்து வீட்டுக்காரர், "அண்ணே, இடது பக்கம் எரியவே இல்லையே" என்றார். இன்று காலை மறுபடி கழற்றினேன், ஹோல்டர் ஓரம் உருகிக் கருகியிருந்தது. இருந்தாலும் தேய்த்து, மாட்டி, மிதித்தேன். "எரியுதுங்க" என்றாள். எனக்கு ஹோல்டர் மேல்தான் சந்தேகம், விட்டு விட்டு எரிகிறதோ என்று. குடையை எடுத்து சீட்டுக்கும் பிரேக்குக்கும் நடுவில் முட்டுக் கொடுத்துவிட்டு, இறங்கி அவள் பக்கத்தில் போய் நின்றேன். வலது பக்கம் எரிந்தது. இடது பக்கம் பொட்டு வெளிச்சம் இல்லை. அவள் அதை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எந்தப் பக்கம் எரியுது மல்லிகா?"

"ரெண்டு பக்கமும்தான்."

"இடது பக்கம் எரியலம்மா" என்றேன். அவள் முந்தானையை எடுத்து இடுப்பில் செருகினாள், மறுபடி எடுத்தாள்.

"நீங்க மிதிச்சா கிறீச்சுன்னு ஒரு சத்தம் வரும்ங்க. அதைக் கேட்டுட்டுச் சொல்லுவேன்."

"எத்தனை நாளா இப்படி?"

"வலது கண்ணுல நடுவுல கறை மாதிரி இருந்துச்சு. கண்ணாடிய மாத்தினா போயிடும்னு இருந்துட்டேன். இப்ப ரெண்டுலயும் இருக்கு."

"சொல்ல மாட்டியா?"

"சக்கரை கண்ணுக்குப் போனா என்னாகும்னு எனக்குத் தெரியாதா? எத்தனை பேருக்கு ரிசல்ட் எழுதிக் குடுத்திருக்கேன். தெரிஞ்சதனாலதான் பயம். நீங்க வேற, ஒரு தும்மலுக்கே ஊரைக் கூட்டுற ஆளு."

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. கீரை ஆய்வதை விட்டாள், இடுப்பு வலி என்றாள். பேப்பர் படிப்பதை விட்டாள், எல்லாம் பொய்யா எழுதுறான் என்றாள். நான் வேறு, ஆமாம் ஆமாம் என்று ஒத்து ஊதினேன்.

கடைக்குப் போய்ப் புது ஹோல்டர் வாங்கி வந்தேன். திங்கட்கிழமை திருச்சியில் கண் டாக்டரைப் பார்க்கப் போகிறோம், இதே வண்டியில்தான். "போனதைத் திருப்பித் தர மாட்டாங்க, இருக்கிறதைக் காப்பாத்தப் பாப்பாங்க" என்று அவளே சொல்லிவிட்டாள், டாக்டருக்கு வேலை வைக்காமல். பழைய ஹோல்டரை வெட்டி எறிந்து, ஒயர்களை முறுக்கி டேப் சுற்றி, பல்பை மாட்டி முடித்தேன்.

பழக்க தோஷம், அவள் எழுந்து வண்டிக்குப் பின்னால் நடந்தாள். பாதியில் நின்றாள். அப்புறம் திரும்பி வந்து, கதவைத் தடவித் திறந்து, டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள்.

"எதுங்க பிரேக்கு?"

"நடுவுல இருக்கிறது."

நான் பின்னால் போய் நின்றேன். ஊர் லாரிகளின் பின்பக்கத்தை எல்லாம் பார்த்துச் சம்பளம் வாங்கியவன். என் வண்டியின் பின்பக்கத்தை மட்டும் அவள் கண்ணை வைத்தேதான் பார்த்து வந்திருக்கிறேன். பெடல் கிறீச்சிட்டது.

"எரியுதாங்க?"

"எரியுது."

"ரெண்டும் ஒரே செவப்பா?"

கிட்டப் போய்க் குனிந்து பார்த்தேன். தள்ளி நின்றும் பார்த்தேன். எனக்கு ரெண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. இடது பக்கம் கொஞ்சம் வெளுப்பாகக் கூட இருந்திருக்கலாம். அதைப் பார்த்துச் சொல்ல இனி இந்த வீட்டில் ஆள் இல்லை.

"ஒரே செவப்புதான்" என்றேன்.