வீட்டுப் பக்கத்துக் கம்பி

திருவனந்தபுரத்தில் கம்பம் ஏறுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் லைன்மேன் வேலை. கொட்டுகிற மழையிலும் ஏணியைச் சாய்த்தேன் என்றால் கால் மணி நேரத்தில் வீட்டில் விளக்கு எரியும். செக்‌ஷன் ஆபீசில் மலையாளிகள்கூட என்னை ‘அண்ணாச்சி’ என்றுதான் கூப்பிடுவார்கள். என்மேல் ஒரு புகார் வந்தது கிடையாது. அந்தப் பெயரோடு ஓய்வு பெற வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதற்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது.

தம்பானூருக்குப் பின்னால் ரயில்வே மதிலை ஒட்டி ஒரு சந்து உண்டு. ஒரு பக்கம் மதில், மறுபக்கம் வரிசையாகப் பதினைந்து வீடு. கம்பத்தின் மேலே பக்கம் பக்கமாகக் கரண்ட் வரும் மூன்று பேஸ் கம்பி, அது திரும்பிப் போக ஒரு நியூட்ரல். அத்தனை வீட்டுக்கும் கனெக்‌ஷன் கொடுத்தவன் நான்தான். சமீப காலமாக அங்கே மொட்டைமாடிக்கு மொட்டைமாடி சோலார் பேனல் ஏறிக்கொண்டிருந்தது. கடைசி வீட்டுக்காரியும் போட்டிருந்தாள். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். மூன்று கிரைண்டர் வைத்து, தம்பானூர் ஹோட்டல்களுக்குத் தோசை மாவு அரைத்துக் கொடுப்பவள். உழைப்பில் பாதியைக் கரண்ட் பில் தின்கிறது என்று, பார்த்துப் பார்த்துப் போட்ட பேனல் அது.

ஒருநாள் என்னைச் சந்துமுனையிலேயே மறித்துவிட்டாள்.

“என்ன அண்ணாச்சி அநியாயம் இது? மேகம் போட்டா ஓடுது, மழை தூறுனாகூட ஓடுது. வெயில் சுள்ளுனு அடிச்சா மட்டும் சோலார் மிஷின் செவப்பு லைட்டப் போட்டுட்டுப் படுத்துக்கிடுது! வெயிலுக்குத்தானய்யா நான் இதப் போட்டேன்?”

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

புதிதாக வந்திருந்த எஞ்சினியர் மேடத்திடம் சொன்னேன். சின்ன வயது, மலையாளப் பெண், வேலையில் படு சுத்தம். அடுத்த நாள் உச்சி வெயிலில், எந்த வீடு எந்தக் கம்பியில் என்று எழுதிவைத்திருக்கும் ரிஜிஸ்டரைக் கையில் எடுத்துக்கொண்டு என்னோடு வந்தார். நான் கடைசிக் கம்பத்தில் ஏறி, அந்த வீடு இணைந்திருக்கும் கம்பியில் வோல்டேஜ் பார்க்கும் மீட்டரை வைத்தேன். இருநூற்று முப்பது காட்ட வேண்டியது, இருநூற்று அறுபதைத் தாண்டி நின்றது. அவ்வளவு வோல்டேஜ் ஏறினால் சோலார் மிஷின் தானாக நின்றுவிடும். சரி, அதன் குற்றம் இல்லை.

“மத்த ரெண்டு பேஸும் ஒண்ணு நோக்கு சேட்டா” என்றார் மேடம் கீழேயிருந்து.

நோக்கினேன். இரண்டும் இருநூற்று இருபத்தைந்தைத் தாண்டவில்லை.

“அதெப்படி? ரிஜிஸ்டர்ல வீடெல்லாம் மூணு பேஸிலயும் சமமா உண்டல்லோ. அப்போ மூணும் ஒருபோல ஏறணுமே. மீட்டர் கேடாயிருக்கும்.”

மீட்டரில் ஒரு கேடும் இல்லை. கம்பத்தின் மேல் இருந்தபடியே எனக்கு விளங்கிவிட்டது. மூன்று கம்பியில் வீடுகளை ஒட்டி ஓடுவது ஒன்றுதான் கைக்கு எட்டும். மற்ற இரண்டையும் பிடிக்க உடம்பை வளைத்து எட்ட வேண்டும். கால் மணி நேர வீரன் எதற்கு எட்டப்போகிறான்? பதினைந்து வீட்டையும் அந்த ஒரே கம்பியில் மாட்டினேன். பிறகு ஆபீசில் உட்கார்ந்து டீயைக் குடித்துக்கொண்டே, முதல் வீடு சிவப்பு பேஸ், அடுத்தது மஞ்சள், அதற்கடுத்தது நீலம் என்று ரிஜிஸ்டரில் வரிசையாக அழகாக எழுதிவைத்தேன். அந்தக் காலத்தில் இதனால் வந்த தொந்தரவு, சாயங்காலம் பல்ப் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். இப்போது வீடுகளே கரண்டைத் திருப்பி அனுப்புகின்றன. மூன்று வாசல் திறந்திருக்க எல்லோரும் ஒரே வாசலில் முட்டினால் என்ன ஆகும்? அதுதான் ஆகியிருந்தது. நெருக்கடி மிகுதியாக விழுந்தது கடைசி வீட்டின் தலையில்.

வாயைத் திறக்காமல் கீழே இறங்கினேன். அதைச் சொல்ல இன்றைக்கும் கூசுகிறது.

மேடம் மாவுக்காரியிடம் தன்மையாகத்தான் பேசினார். லைன் தாங்கவில்லை, பக்கத்தில் இன்னொரு டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால்தான் சரியாகும், அது எப்போது வரும் என்று சொல்ல முடியாது, அதுவரை பேனலை நிறுத்திவைப்பதாக எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்றார். அவள் சண்டை போடவில்லை. மாவுக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, “எங்க கையெழுத்துப் போடணும்?” என்று மட்டும் கேட்டாள். சண்டை போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை கத்தித் தப்பித்திருப்பேன். சீச்சீ, என்ன பிழைப்பு இது என்று ஆகிவிட்டது.

மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தேன். மூடிவைத்துவிட்டு மேடத்தின் மேஜைக்குப் போனேன்.

“மேடம், மீட்டர் சரிதான். ரிஜிஸ்டர்தான் பொய்.”

“ஆரு எழுதியது?”

“நான்தான். பதினஞ்சு வீடும் ஒத்தக் கம்பியில தொங்குது.”

மேடம் ரிஜிஸ்டரை மூடிவைத்தார். ரிட்டயர்மென்ட் எப்போது என்று கேட்டார். சொன்னேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “லோடு கூடியதுகொண்டு பேஸ் மாத்தினோம்னு எழுதட்டே? சேட்டனுக்கு ஒரு பிரச்சினையும் வராது” என்றார்.

நல்ல மனசு. எனக்கும் சபலம் தட்டியது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கோபம் முந்திக்கொண்டது. யார்மேல்? என்மேல்தான்.

“வேண்டாம் மேடம். ஒரு பொய்ய எழுதித்தான் இன்னைக்கு அந்தப் பொண்ணு கையெழுத்துப் போட்டுட்டு நிக்கா. இன்னொண்ணு எழுதுனா, எனக்குப் பெறகு வர்றவன் கம்பத்துமேல உக்காந்து முழிப்பான். உள்ளத எழுதுங்க. என் பேரையும் சேத்து எழுதுங்க.”

எழுதினார். எழுத்துமூலம் விளக்கம் கேட்டு எனக்கு ஒரு தாளும் வந்தது. முப்பது வருடத்தில் முதல் தாள். வாங்கி, பதில் எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் லைனை நிறுத்தினோம். இந்தக் காலத்தில் டிரான்ஸ்ஃபார்மரை அணைத்தால் மட்டும் போதாது, எந்த வீட்டிலிருந்தாவது கரண்ட் திரும்பி வரலாம். மிஷின்கள் தானாக நிற்கும் என்பார்கள், நான் நம்ப மாட்டேன். நான்கு கம்பியையும் சேர்த்து எர்த் செய்துவிட்டுத்தான் கை வைத்தேன். ஐந்து வீட்டை நடுக்கம்பிக்கு, ஐந்து வீட்டை மதில் பக்கத்துக் கம்பிக்கு மாற்றினேன். ஒவ்வொரு கம்பத்திலும் எட்டி எட்டி இடுப்பு கழன்றுவிட்டது. உதவிக்கு இன்னொருவர் ஏறுகிறேன் என்றார். யாரையும் விடவில்லை, அது என் வேலை.

இன்றைக்கு அந்தச் சந்தில் பேனல் இல்லாத வீடு இரண்டோ மூன்றோதான். சாயங்காலம் பல்பும் மங்குவதில்லை. உச்சி வெயிலில் அந்தச் சந்து தன் தேவை போக மிச்சத்தை அடுத்த தெருவுக்கு அனுப்புகிறது. புது டிரான்ஸ்ஃபார்மர் எதுவும் வரவில்லை. அதே கம்பம், அதே கம்பி. நினைத்தால் நெஞ்சு நிமிர்கிறது. எத்தனையோ புயல் மழையில் வேலை பார்த்தவன் நான். ஆனாலும் என் வேலையில் எது நல்ல வேலை என்று கேட்டால், அந்த ஒரு நாளைத்தான் சொல்வேன்.

அன்றைக்கு லைன் கொடுத்தபோது மணி பன்னிரண்டரை. மண்டையைப் பிளக்கிற வெயில். கடைசி வீட்டு மிஷினுக்கு முன்னால் நானும் மாவுக்காரியும் நின்றோம். பச்சை விளக்கு வந்தது. ஒரு மணி ஆயிற்று, அணையவில்லை. அவள் என் பக்கம் திரும்பினாள்.

“இதச் சரி பண்ணுனது யாரு அண்ணாச்சி?”

“நான்தாம்மா. ஆனா, கெடுத்ததும்...”

“கெடுத்தது யாருன்னு மேடம் நேத்தே வந்து சொல்லிட்டாவ” என்றாள். “நான் அதையா கேட்டேன்?”