வெல்லம் இல்லாமல் தின்ற பிஸ்கட்

இரண்டு வருடங்களுக்கு முன்னால், ஐப்பசியில் நடந்தது இது. அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்த என் தம்பி லீவில் வந்திருந்தான். அவனுக்குப் பெண் பார்க்க இண்டூருக்குப் போவதாக ஏற்பாடு. அதற்காக நான் ஓசூரிலிருந்து முதல் நாளே பஸ் பிடித்து, மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன்.

நிலக்கடலை பிடுங்கி முடித்திருந்த நேரம். மொட்டை மாடி, வாசல் எல்லாம் கடலை காய்ந்துகொண்டிருந்தது. கால் வைக்க இடமில்லை. தம்பி வந்தால் நான் முதலில் திறப்பது அவன் பெட்டியைத்தான். போன தடவை சாக்லேட், சென்ட், என் பிள்ளைகளுக்கு ஷூ என்று நிறைய இருந்தது. இந்தத் தடவை திறந்தால் பெட்டி முழுக்க ஒரே மாதிரி பாக்கெட்டுகள். ஏதோ வேஃபர் பிஸ்கட். ஒன்றைப் பிரித்துக் கடித்தேன். அடுக்கடுக்காக மெல்லிசாக இருந்தது, அப்பளம் மாதிரி நொறுங்கியது. நடுவில் இனிப்பும் உப்புமாக ஒரு பசை. நாக்கில் பட்டதுமே தெரிந்துவிட்டது, வறுத்த கடலையை அரைத்துத் தடவியிருக்கிறார்கள்.

"ஏன்டா, திருநெல்வேலிக்கே அல்வாவா? வூட்டைச் சுத்திக் கல்லக்கா காயுது, நீ அமெரிக்காவுல இருந்து கல்லக்கா பிஸ்கட்டு தூக்கிட்டு வந்திருக்க?" என்று கேட்டேன். அம்மா சிரித்தார். தம்பி சிரிக்கவில்லை.

ருசி என்னவோ நன்றாகத்தான் இருந்தது. நான் பாட்டுக்கு இன்னொன்றைப் பிரித்து அவனிடம் நீட்டினேன். "எனக்கு வேணாம்க்கா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். சின்ன வயதில் பச்சைக் கடலையை டவுசர் பை நிறையப் போட்டுக்கொண்டு திரிந்தவன் அவன். எனக்குச் சுருக்கென்றது. கடலையைக் கிளறிவிடலாம் வா என்று மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய், என்ன விஷயம் என்று கேட்டேன்.

கிளறிக்கொண்டே சொன்னான். அவனுக்கு வேலை போய்ப் பல மாதங்களாகியிருந்தன. கம்பெனியில் ஒரு கூட்டத்தையே வெளியே அனுப்பியிருந்தார்கள். வேறு வேலை தேடி அலைந்திருக்கிறான், கிடைக்கவில்லை. வாடகைக்கே கையைக் கடித்ததால், மலிவு விலைக் கடையில் இந்தப் பாக்கெட்டுகளை மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்டு மத்தியானத்துக்கு இதைத்தான் தின்றிருக்கிறான். பல நாள் ராத்திரிக்கும் இதேதான். விசா முடிந்து கிளம்பும்போது மிச்சம் இருந்ததைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான்.

"லீவு இல்லக்கா. திரும்பிப் போகப் போறதில்ல" என்றான். "அப்பாகிட்ட சொல்லலாம்னு வருவேன். அவரு மூஞ்சியப் பாத்தா வாய் வரமாட்டேங்குது."

எனக்குத் திட்டத் தோன்றவில்லை. அழுகைதான் வந்தது. வாரம் தவறாமல் வீடியோவில் பேசுவோமே. அம்மா "சாப்புட்டியாடா?" என்பார், அவனும் "சாப்ட்டேம்மா" என்பான். நாங்கள் திருப்தியாகப் போனை வைத்துவிடுவோம்.

"நாளைக்கு அங்க போறதுக்குள்ள சொல்லிடு. அவங்க அமெரிக்கா மாப்பிள்ளைன்னு நெனச்சுப் பொண்ணு குடுத்துட்டா அது பாவம்" என்று மட்டும் சொன்னேன். தலையாட்டினான். மறுநாள் கார் ஏறும் வரைக்கும் அவன் வாயைத் திறக்கவில்லை. அம்மாவோ பழம், பூ, வெற்றிலை பாக்கு வைத்த தட்டில் பெருமையாக அந்தப் பாக்கெட்டுகளையும் அடுக்கிவிட்டார். ஃபாரின் பிஸ்கட்டாம். வழியெல்லாம் நான் தட்டைப் பார்ப்பதும் அவனைப் பார்ப்பதுமாக வந்தேன்.

இண்டூரில் பெண் வீட்டு வாசலிலும் கடலைதான் காய்ந்துகொண்டிருந்தது. அவர்களும் எங்களைப் போலவே விவசாயக் குடும்பம். பெண் தர்மபுரியில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறாள். காபி கொடுத்துவிட்டு, அலட்டிக்கொள்ளாமல் அவள் அம்மாவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். எனக்கு அவளைப் பார்த்ததும் பிடித்துப்போய்விட்டது. அதனாலேயே அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது.

எங்கள் அப்பா அமெரிக்கக் குளிரைப் பற்றி அளந்துகொண்டிருந்தார். அவர் பெங்களூரைத் தாண்டியதில்லை. பெண்ணின் அப்பா ஒரு பாக்கெட்டைப் பிரித்து, முதலில் என் தம்பியிடம் நீட்டினார்.

"எடுங்க தம்பி. நீங்க கொண்டாந்தத நீங்களே தின்னலைன்னா எப்படிங்க?"

மறுக்க முடியவில்லை. ஒன்றை எடுத்துக் கடித்தான். மென்றான், மென்றுகொண்டே இருந்தான், உள்ளே இறங்கவில்லை. கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. பெண்ணின் அம்மா பதறித் தண்ணீர் கொடுத்தார். அதைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைக்காமலேயே பேச ஆரம்பித்தான்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. எனக்கு அங்க வேல போயிருச்சுங்க. இனி அங்க போகலைங்க. இந்தக் கல்லக்கா பிஸ்கட்டத்தான் இத்தன நாளா சோத்துக்குப் பதிலாத் தின்னுட்டு இருந்தேன். அப்பாவுக்கே இது இப்பத்தான் தெரியும்."

பெண்ணின் அப்பா கையிலிருந்த பிஸ்கட்டைத் தட்டில் வைத்துவிட்டார். எங்கள் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தோடு முடிந்தது, எழுந்து போக வேண்டியதுதான் என்று நான் பையைக் கையில் எடுத்துவிட்டேன்.

அப்போதுதான் அந்தப் பெண் பேசினாள். நேராக என் தம்பியைப் பார்த்துக் கேட்டாள்: "வெல்லம் எதும் கடிச்சுக்கலிங்களா? வெறும் கல்லக்காயவே தின்னா பித்தம் ஏறிடுமேங்க."

எங்கள் பக்கத்தில் கடலை தின்றால் கூடவே ஒரு கடி வெல்லம் கடித்துக்கொள்வது வழக்கம். குழந்தைக்குக் கடலை கொடுத்தால்கூட இன்னொரு கையில் வெல்லம் இருக்கும். அவள் கிண்டலுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே கவலைப்பட்டுத்தான் கேட்டாள். "அங்க கெடைக்கலைங்க" என்றான் என் தம்பி, பரீட்சையில் தோற்ற பையன் மாதிரி. அவள் உள்ளே போய், ஒரு அச்சு வெல்லத்தை உடைத்துச் சின்னத் தட்டில் போட்டுக்கொண்டு வந்து அவன் முன்னால் வைத்தாள். அவன் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

பெண்ணின் அப்பா மரியாதையாகத்தான் வழியனுப்பினார். "யோசிச்சுச் சொல்றோமுங்க" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று பெண் பார்க்கப் போன எல்லோருக்கும் தெரியும்.

திரும்பும்போது காரில் அப்பா ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். பாலக்கோடு தாண்டியதும், முன் சீட்டிலிருந்து திரும்பாமலேயே சொன்னார்: "வேல போனா போகுது. நம்ம வூட்டுல மூட்டை மூட்டையாக் கல்லக்கா கெடக்க, நீ அங்க பட்டினி கெடந்திருக்கியேடா." அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். தம்பி பின் சீட்டிலிருந்து கையை நீட்டி அப்பாவின் தோளில் வைத்தான். வீடு வந்து சேரும் வரைக்கும் அவன் அந்தக் கையை எடுக்கவில்லை.

இண்டூரிலிருந்து பதில் வராது என்றுதான் நினைத்திருந்தோம். தீபாவளி கழிந்து போன் வந்தது. "எம் பொண்ணு, அந்தப் பையனுக்கு இங்க வேல கெடச்சுதான்னு கேட்டுட்டே இருக்குதுங்க" என்றார் அவள் அப்பா. அதற்குள் ஓசூரில் ஒரு கம்பெனியில் அவன் சேர்ந்திருந்தான். பழைய சம்பளத்தோடு ஒப்பிட்டால் சிரிப்பு வரும், ஆனாலும் வேலை. தையில் கல்யாணம் முடிந்தது. இப்போது எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறார்கள். அவன் ஆபீஸ் பையில் கடலையும் வெல்லமும் போட்டு அனுப்புகிறாள் அவன் மனைவி. அந்தப் பிஸ்கட்டை மட்டும் அவன் இன்றைக்கும் தொடுவதில்லை.

என் மகள் இப்போது கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். தினமும் சாயங்காலம் அவளுக்குப் போன் செய்வேன். சாப்பிட்டியா என்று கேட்டால் பிள்ளைகள் சாப்பிட்டேன் என்றுதான் சொல்வார்கள். அதனால் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டு, அவள் ஒவ்வொன்றாகச் சொல்லி முடிக்கும் வரைக்கும் நான் போனை வைப்பதில்லை.